காலிக் கட்டம் பூஜ்யம் அல்ல!

(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை மாணவன்)

மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் எங்க வகுப்புக்கு வந்தப்போ எல்லோரும் ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் "காய்ச்சல் கணக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும்! போன கோடை விடுமுறையில் இன்பிளாண்ட் டிரெய்னிங்குக்காக ஒரு மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவில் நான்கு வாரம் உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்க வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லோடுமேன், அம்மா சித்தாள். 'டேட்டா' என்றால் அவர்களுக்கு செல்போன் ரீசார்ஜ்தான். அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிவிட்டால் உங்களுக்கும் புரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

1994 செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் என்று செய்தி பரவி, லட்சக்கணக்கான ஜனங்கள் ரயிலேறி ஓடினார்கள். நோய் எங்கே, எத்தனை பேருக்கு என்று உடனே சொல்ல நாட்டில் சரியான ஏற்பாடு இல்லை என்பது அப்போது வெட்டவெளிச்சமாகியது. 1997-ல் ஒரு தேசியத் திட்டம் ஆரம்பித்தார்கள். 2004 நவம்பரில் அது விரிந்து 'ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம்' ஆனது. மாவட்டத்துக்கு ஒரு பிரிவு. அதில் ஒரு சர்வைலன்ஸ் ஆபீசர், ஒரு எபிடெமியாலஜிஸ்ட், ஒரு டேட்டா மேனேஜர், ஒரு டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். அவ்வளவுதான் கூட்டம்!

இவர்களுக்குக் கணக்கு எங்கேயிருந்து வருகிறது? மூன்று படிவம். துணை சுகாதார நிலைய நர்ஸம்மா அறிகுறியைப் பார்த்து எழுதுவது 'எஸ்'. டாக்டர் பரிசோதித்து இன்ன நோயாக இருக்கலாம் என்று எழுதுவது 'பி'. லேப் உறுதி செய்து எழுதுவது 'எல்'. முன்பெல்லாம் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரக் கணக்கு, பேப்பரில். 2021 ஏப்ரலில் புதிய கணினித் தளம் வந்த பிறகு 18 நோய்களாக இருந்தது 33 ஆகியது, அன்றன்றைக்கே பதிவு. முதல் நாள் நான் மூன்றையும் கூட்டி ஒரு மொத்தம் போட்டுக் காட்டினேன். டேட்டா மேனேஜர் அக்கா சிரித்துவிட்டார். "தம்பி, ஒரே ஆளு நர்ஸம்மாகிட்ட காய்ச்சல்னு போவான், டாக்டர்கிட்ட டெங்குவான்னு போவான், லேப்ல ரத்தம் குடுப்பான். உன் கணக்குல அவன் மூணு பேரு!" என்றார். மூன்றையும் கூட்டக்கூடாது. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காதது.

எண்கள் வந்த பிறகு வேலை என்ன என்று கேட்கலாம். அக்கா அவற்றை எக்ஸெல் தாளில் இறக்கி, போன வாரங்கள், போன வருஷம் இதே வாரம் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தாளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. இரண்டாவது வாரம் ஒரு கிராமத்திலிருந்து வயிற்றுப்போக்கு 14 என்று வந்தது. வழக்கமாக அங்கே 2, 3தான். விரல் தவறி ஒன்று கூட விழுந்திருக்கும் என்று நானாக 4 ஆக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார். "வந்த நம்பரைத் தொடாதே. முதல்ல போன் போடு."

போனில் நர்ஸம்மா பயந்து போய்தான் பேசினார். "சரியான கணக்குதாங்க மேடம்... குறைச்சுப் போடணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். அக்கா குரலை உயர்த்தவில்லை. "நல்லவேளை சொன்னீங்கம்மா. எந்தத் தெரு? எந்தத் தண்ணி?" என்று மட்டும் கேட்டார். கோயில் திருவிழா முடிந்த வாரம், மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போடவில்லை. மதியமே ஜீப் போனது. குளோரோஸ்கோப் குழாயில் மருந்துச் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். வரவே இல்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டிய தண்ணீர் அது. மல மாதிரி லேபுக்கு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வீடு வீடாக, தொட்டியைக் கழுவிக் குளோரின். மறுவாரம் 5, அடுத்த வாரம் 2. நான் 4 என்று திருத்தியிருந்தால்?

அதிக எண் சொன்ன ஆளைத் திட்டினால் அடுத்த வாரம் எண் குறையும், நோய் குறையாது. பெரியம்மை ஒழிப்பில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1973 இலையுதிர் காலத்தில் உத்தரப்பிரதேசம், பீகார் பக்கம் வீடு வீடாகத் தேட ஆரம்பித்ததும் அதுவரை வந்த வாராந்திரக் கணக்கைவிடப் பல மடங்கு நோயாளிகள் கிடைத்தார்கள். நோய் திடீரென்று பெருகவில்லை, கண் திறந்தது, அவ்வளவுதான். 1975-ல் இந்தியாவில் பெரியம்மை நின்றுபோனது. கூடுதலான எண்ணைக் கண்டு அன்றைக்கு யாராவது கோபப்பட்டு நிறுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும்!

அதைவிட எனக்குப் பிடித்தது போலியோ கணக்கு. நோயே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வாரமும் 'பூஜ்யம்' என்று எழுதி அனுப்ப வேண்டும். அது மட்டுமா? போலியோ இல்லாத ஊரிலும் வேறு காரணங்களால் சில குழந்தைகளுக்குத் திடீரென்று கை கால் தளரும். 15 வயதுக்குட்பட்ட லட்சம் பேருக்கு வருஷத்தில் ஒன்றாவது அப்படி வரும். அந்த ஒன்றுகூடக் கணக்கில் வரவில்லை என்றால், அந்த மாவட்டத்தில் யாரும் தேடவில்லை என்று அர்த்தம்! தேடியதை நிரூபிக்க ஒரு அளவுகோல். எந்த இன்ஜினியர் யோசித்தாரோ, கும்பிடலாம். இந்தியாவில் இயற்கை வகை வைரஸால் வந்த கடைசி போலியோ 2011 ஜனவரியில் ஹௌராவில். 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது.

ஆகவே அக்காவின் திங்கட்கிழமை வேலை வந்த எண்களைப் பார்ப்பதில் ஆரம்பிக்காது. யார் இன்னும் அனுப்பவில்லை என்ற பட்டியலில் ஆரம்பிக்கும். சுவரில் ஒரு சார்ட். பூஜ்யம் வந்தால் பச்சை, ஒன்றுமே வராவிட்டால் வெள்ளையாகவே கிடக்கும். "டேப்ல சார்ஜ் இல்லையாம்மா? சிக்னல் கிடைக்கலையா? லீவா?" என்று வரிசையாகப் போன் போகும். பாதி நாள் இதிலேயே போகும். எனக்கு முதலில் சலிப்பாக இருந்தது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு டெலிபோன் ஆபரேட்டர் வேலையா என்று நினைத்தேன். இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். அந்த 14 சொன்ன நர்ஸம்மாவுக்கு லேப் முடிவு வந்ததும் முதல் போன் அக்காதான் போட்டார். "உங்க கணக்காலதாம்மா தொட்டி கழுவினாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த நிலையத்திலிருந்து ஒருநாள்கூடத் தாமதம் இல்லை.

கடைசி வாரம் பழைய பேப்பர் பதிவேடுகளைக் கட்டி வைக்கச் சொன்னார்கள். எந்த நிலையம் எந்த வாரம் படிவம் அனுப்பியது என்று டிக் போட்ட பெரிய நோட்டு. எங்க ஊர் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

நான் ஏழாவது படிக்கும்போது எங்க தெருவில் வாந்தியும் பேதியும் வந்தது. சாக்கடைக்குள் போகிற குழாயில் ஓட்டை. தங்கச்சிக்கு நாலு நாள் பாட்டில் ஏற்றினார்கள். எதிர் வீட்டுப் பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. கொஞ்சம் பேர் தனியார் கிளினிக், கொஞ்சம் பேர் மெடிக்கல் ஷாப் மாத்திரை, ஆளுக்கொரு பக்கம். அந்த வாரத்துக் கட்டத்தைத் தேடினேன். காலி. முந்தைய இரண்டு வாரமும் காலி. அக்காவிடம் காட்டினேன். "அப்போ அங்க நர்ஸ் போஸ்டிங் காலியா இருந்திருக்கு தம்பி" என்றார். மாதத் தொகுப்பு பைலை எடுத்துப் பார்த்தோம். அங்கே யாரோ அந்தக் காலிக் கட்டங்களை 0 என்று எடுத்துக் கூட்டியிருந்தார்கள். கணக்குப்படி அந்த மாதம் எங்க தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை!

"இப்போ திருத்த முடியாதாக்கா?" என்று கேட்டேன். "என்ன நம்பர்னு போடுவ? நமக்குத் தெரியாதே" என்றார். பிறகு பென்சிலை எடுத்து, அந்த 0-வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் 'தகவல் இல்லை' என்று எழுதினார்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதெப்படி இல்லைன்னு எழுதுவாங்க?" என்று கோபப்பட்டாள். பிறகு தெருக்கோடியிலிருந்து வீடு வீடாகப் பெயர் சொல்லி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பாட்டியையும் சேர்த்துப் பதினேழு வந்தது.