எலுமிச்சம்பழம் மட்டும் போதுமா?

ஆயுத பூஜையன்று எங்கள் தெருவைப் பார்க்க இரண்டு கண்கள் போதா. வாசலுக்கு வாசல் மோட்டார் கார்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கும். முகத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தானதும் நாலு சக்கரத்தின் கீழும் நாலு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வீட்டுக்காரர் காரை மெல்ல நகர்த்துவார். 'பச்சக்' என்று பழம் நசுங்கும். குழந்தைகள் கை தட்டுவார்கள். அவ்வளவுதான், அடுத்த ஆயுத பூஜை வரையில் காருக்கு ஒரு குறையும் வராது என்று எல்லோருக்கும் நிம்மதி!

சென்ற வருஷம் எங்கள் எதிர்வீட்டிலும் இப்படித்தான் பூஜை நடந்தது. மறுநாள் விஜயதசமி. விடியற்காலையில் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் புறப்பாடு. சென்னையிலிருந்து அறுநூறு கிலோ மீட்டருக்கு மேலான பயணம் அல்லவா? எதிர்வீட்டு அக்கா நாலு மணிக்கே எழுந்துவிட்டாள். புளியோதரை கட்டியாயிற்று. குழந்தைக்கு ஜுர மருந்து, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. காஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

"காரைப் பார்த்தாச்சா, அக்கா?" என்று வாசலில் நின்ற நான் கேட்டு வைத்தேன்.

"அதுக்கென்ன, நேத்துதானே பூஜை போட்டோம்!" என்றார் அவள் கணவர், சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்துக்கொண்டேதான் குனிந்து பார்த்தேன். எலுமிச்சந்தோல் ஒட்டிக்கொண்டிருந்த அந்த டயர், மொட்டைத் தலை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

அந்தக் காரில் ஏறப்போகிறவர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்திக்கு வயது இரண்டு.

கோலம் போடும் கண்

"காரெல்லாம் ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன தெரியும்?" என்று நம்மில் பலர் சொல்லிக்கொள்கிறோம். இதைப் பற்றி எழுதுவதென்று தீர்மானித்ததும், புதுப்பேட்டையில் நெடுநாளாக மோட்டார் ரிப்பேர் செய்துவரும் பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அங்கே எல்லோருக்கும் அவர் 'பாய்'. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? அரிசியைக் கையிலே எடுத்தாலே புதுசா பழசான்னு சொல்றீங்க. பால் பொங்கற சத்தம் பக்கத்து ரூமிலே கேக்குது உங்களுக்கு. அந்தக் கண்ணும் காதும் காருக்குப் போதும்மா. ரிப்பேர் பண்றதுக்கு நான் இருக்கேன். நேரத்துக்குச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்லே."

உண்மைதானே! உதாரணமாக, கார் நிற்கும் இடத்தில் தரையில் சொட்டியிருக்கும் கறையை முதலில் பார்ப்பது யார்? காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவள்தான். ஏ.ஸி. ஓடிய காரிலிருந்து வெறும் தண்ணீர் சொட்டினால் பயமில்லை. கறுப்பாகப் பிசுபிசுத்தால் எஞ்சின் எண்ணெய். பச்சை, சிவப்பு என்று நிறத்தோடு இருந்தால் ரேடியேட்டர் நீராக இருக்கலாம். சக்கரத்தின் பக்கத்தில் வழவழப்பாக ஏதாவது கண்டால், அது பிரேக் எண்ணெயாக இருக்கக்கூடும். அன்றைக்குக் காரை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கைத்தான் வீட்டுக்கு வரவழைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்

பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்குப் பத்து நிமிஷம் போதும்.

முதலில் டயர். நாலு அல்ல, ஐந்து! டிக்கிக்குள் படுத்திருக்கும் ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே ஆங்காங்கே சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். டயரின் ஆயுள் முடிந்தது. மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளிவிட்டு ரோட்டைப் பிடித்துக்கொள்வது அந்தப் பள்ளங்கள்தான். அவை இல்லாவிட்டால், ஈரமான ரோட்டில் பிரேக் போட்டாலும் கார் வழுக்கிக்கொண்டு போகும்.

டயருக்கு ஜாதகமும் உண்டு. பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ம் வருஷம் 23-வது வாரத்தில் பிறந்த டயர் என்று பொருள். ஓடாமலே நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், வெடிப்பு விடும்.

காற்று அளவு, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டில் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். வீடு நிறைய ஜனங்களும் மூட்டை முடிச்சுமாகப் போவதற்கு வேறு அளவு சொல்லியிருந்தால், அதைத்தான் வைக்க வேண்டும். கார் ஓடிச் சூடேறிய பின் அளந்தால் காற்று அதிகமாகக் காட்டும். ஆகையால் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதே சரி. காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது நசுங்கி நசுங்கிச் சூடாகிறது. நெடுஞ்சாலையில், உச்சி வெயிலில், வேகத்தில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அடுத்தது பிரேக். மிதித்தால் பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்குகிறதா? உலோகம் உலோகத்தோடு தேய்கிற கிரீச்சொலி கேட்கிறதா? வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? "அடுத்த மாசம் சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கூடாது. பிரேக் எண்ணெய்க்கு ஒரு துர்க்குணம் உண்டு: மழைக் காலத்து உப்பைப் போல, காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப்பட்ட எண்ணெய், மலைப் பாதையில் இறங்கும்போது சூட்டில் கொதித்துவிட்டால், பிரேக் பிடிக்காது. சாதாரணமாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றிவிட வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கோடையில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

எஞ்சின் சூடாகிப் புகை விட்டால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கலாமா? இதற்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். ஆவி அடங்காத பிரஷர் குக்கரை எந்தப் பெண்ணாவது திறப்பாளா? அதே விதிதான் இதற்கும்.

விளக்கு பார்க்க ஆள் தேவையில்லை. இரவில் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தினால், எரிகிறதா இல்லையா என்று சுவர் சொல்லிவிடும். பின்பக்கம் பிரேக் விளக்குக்கு மட்டும் பிள்ளையையோ பெண்ணையோ திண்ணையிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வைப்பர் துடைத்த இடத்தில் கோடு விழுந்தால் ரப்பரை மாற்றுங்கள். ஐப்பசி மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

மடியில் குழந்தை

காரைப் பார்த்தாயிற்று. இனி காருக்குள் இருக்கிறவர்களைப் பார்ப்போம்.

நம் குடும்பங்களில் யார் எங்கே உட்காருவது என்பது எழுதாத சட்டம். முன்னால் வீட்டுக்காரர், பக்கத்தில் மாமனாரோ பெரிய பையனோ. பின்னால் நாம், மாமியார், குழந்தைகள். முன்னால் இருப்பவர்கள் போலீஸ்காரரைக் கண்டால் 'ஸீட் பெல்ட்'டை இழுத்து மாட்டிக்கொள்வார்கள். பின்னால்? பெல்ட் எங்கே இருக்கிறது என்றே பல வீடுகளில் தெரியாது. ஸீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும்!

2022-ம் வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி, மும்பையை நோக்கி வந்த ஒரு கார் மகாராஷ்டிரத்துப் பால்கர் மாவட்டத்தில் பாலத்தின் தடுப்புச் சுவரில் மோதியது. முன் ஸீட்டில் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு பிழைத்தார்கள். பின் ஸீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி. பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தார்கள். விலை உயர்ந்த கார்தான் அது. பெல்ட்டும் அதில் இருந்தது.

அதே 2022-ல், மத்திய அரசின் கணக்குப்படி, பெல்ட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் நம் தேசத்தில் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல; கூட உட்கார்ந்து போனவர்கள். அதாவது, நம்மைப் போன்றவர்கள்.

"ஊருக்குள்ளே மெதுவாகத்தானே போகிறோம்" என்பீர்கள். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே இருப்பவர்களுக்கு ஏறக்குறையப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடியின் கைப்பிடிச் சுவரில் குழந்தையை நாம் உட்கார வைப்போமா?

"குழந்தையைத்தான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேனே" என்று சொல்லும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அன்பில் குறையில்லை. கையில்தான் அத்தனை பலம் கிடையாது. பத்துக் கிலோக் குழந்தை, மோதும் அந்தக் கணத்தில் இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும். இருபத்தைந்து கிலோ அரிசிப் பைகள் எட்டை ஒரே சமயத்தில் கையில் தாங்கக்கூடிய தாய் யார்? அதுவும் முன் ஸீட்டானால் இன்னும் ஆபத்து. மோதும்போது கண் இமைப்பதற்குள் புடைத்துக்கொண்டு வருகிற காற்றுப் பை, மடியிலிருக்கும் குழந்தையைத்தான் முதலில் அறையும்.

கைக்குழந்தைக்கென்று, பின்புறம் பார்த்து உட்காரும் தனி ஆசனம் உண்டு. அதைப் பின் ஸீட்டில் பொருத்த வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்புறம் பார்க்கும் ஆசனமும், உயரம் கூட்டும் ஆசனமும் இருக்கின்றன. "இத்தனை பணமா?" என்று மலைக்கத் தோன்றும். ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலைக்குள் அடங்கிவிடும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

புடவை கசங்குமா?

"பெல்ட் போட்டால் புடவை கசங்குமே!" கசங்கட்டும், தேய்த்துக்கொள்ளலாம். "கர்ப்பிணி போடலாமா?" அவசியம் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் படாமல், வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பை ஒட்டி வரவேண்டும். மேல்பட்டை மார்பின் நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். தாயும் குழந்தையுமாக ஒரே பெல்ட்டுக்குள் இருப்பது மட்டும் ஒருபோதும் கூடாது.

இந்த மூன்று முனைப் பெல்ட்டை 1959-ல் கொண்டுவந்தவர் ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனியின் எஞ்சினீயர் நில்ஸ் போலின். அதற்கு முன்பு அவர், ஆபத்தில் விமானி வெளியே குதிக்க உதவும் ஆசனங்களை அமைத்துக்கொண்டிருந்தவர். உயிர் காக்கும் விஷயம் என்று, மற்றக் கம்பெனிகளும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்துவிட்டது. பெல்ட் அணிந்தால் விபத்தில் சாகும் அபாயம் பாதி வரை குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுச் சட்டமும் பின் ஸீட்காரர்களுக்குச் சலுகை தரவில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பெல்ட் போடாவிட்டாலும், பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ தனி ஆசனமோ இல்லாமல் கூட்டிப் போனாலும் ஆயிரம் ரூபாய் அபராதம்.

"நாங்கள் அந்தக் காலத்து அம்பாஸடரில் எட்டுப் பேர் போகவில்லையா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். போனார்கள். அந்த ரோடு வேறு, அந்த வேகம் வேறு. திரும்பி வந்தவர்கள்தான் இன்று கதை சொல்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். பின் கண்ணாடியருகே வைத்த தேங்காயும் எவர்சில்வர் தூக்கும், கார் சட்டென்று நின்றால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். அவற்றை டிக்கியில் வையுங்கள். "ஒரே நிமிஷம்" என்று குழந்தையைக் காரில் பூட்டிவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் கார் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி வரை சூடேறிவிடும்.

எதிர்வீட்டார் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? அன்று விடியற்காலை புறப்படவில்லை. "நல்ல நேரம் போயிடுமே" என்று மாமியார் முதலில் முணுமுணுத்தார். கடை திறந்ததும் டயர்களை மாற்றிக்கொண்டு பத்தரை மணிக்குக் கிளம்பினார்கள். பின் ஸீட் உறையைக் கழற்றிப் பெல்ட்டைத் தேடி எடுத்தவள் அக்காதான். "எனக்குமா?" என்று கேட்ட மாமியாருக்குத் தானே மாட்டிவிட்டாள். குழந்தைக்கு, மாடி வீட்டுக்காரர்களிடம் ஓர் ஆசனம் இரவல் கிடைத்தது. அந்தச் சின்னப் பெண் அதில் உட்கார மாட்டேனென்று தெருக்கோடி வரை அழுதுகொண்டே போனாள். நாலாம் நாள் அதே ஆசனத்தில் தூங்கிக்கொண்டே திரும்பி வந்தாள்.

எலுமிச்சம்பழம் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சகோதரிகளே. முன்காலத்தில் ஆயுதத்தைப் பூஜிப்பதென்றால், அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, கூர் பார்த்துத்தான் படியில் வைத்தார்கள். நாமும் பழத்தை வைப்போம். ஆனால் அதை வைக்க எப்படியும் குனியத்தானே வேண்டும்? குனிந்தது குனிந்தோம், டயரையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.