கன்றின் முதல் மலமும் சீம்பாலும்

பசுவோ எருமையோ ஈன்ற வீட்டில் எல்லோருடைய கவனமும் தாயின் மீதே செல்வது வழக்கம். நஞ்சுக்கொடி விழுந்ததா, மடி இறங்கிற்றா, எவ்வளவு பால் கறக்கும் என்பவையே பேச்சாக இருக்கும். கன்று ஒரு மூலையில் ஈரத்துடன் கிடக்கும். இரண்டாம் நாள் அது வாலைத் தூக்கி முக்குவதையும், மூன்றாம் நாள் மடியை நாடாமல் சுருண்டு கிடப்பதையும் கண்ட பின்னரே வீட்டார் பதறுகின்றனர். இவ்விதம் இழக்கப்படும் கன்றுகளில் பல, சிறிது முன்யோசனை இருந்தால் பிழைக்கக்கூடியவையே.

தாயின் வயிற்றில் இருக்கும்போதே கன்றின் குடலில் கருமை கலந்த, பசை போன்ற மலம் சேர்ந்திருக்கும். இதனைக் காட்டுப்பீ என்பர். பிறந்த ஒரு நாளைக்குள் இது வெளிப்பட வேண்டும். வெளிப்படாவிடில் கன்றின் வயிறு உப்பும். பின்காலால் வயிற்றை உதைத்துக்கொள்ளும். படுப்பதும் எழுவதுமாகத் தவிக்கும். பால் குடிக்க மறுக்கும்.

இம்மலத்தை இளக்கி வெளியேற்ற இயற்கை அளித்துள்ள மருந்து சீம்பாலேயாகும். அதன் பயன் இத்துடன் நிற்பதில்லை. மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே நோயெதிர்ப்புப் பொருள்களைத் தாயின் இரத்தத்திலிருந்து ஓரளவு பெற்றுவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்போ அவற்றைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. ஆகவே கன்றுக்கு அவை சீம்பாலின் வழியாகவே கிடைக்க வேண்டும். அவற்றை அப்படியே உறிஞ்சும் சக்தி கன்றின் குடலுக்குப் பிறந்த சில மணி நேரம் வரை மிகுதியாகவும், பின்னர் குறைந்துகொண்டே வந்து, சுமார் 24 மணி நேரத்தில் அற்றுப்போவதாகவும் இருக்கிறது.

நஞ்சுக்கொடி விழும் வரை கன்றுக்குப் பால் விடலாகாது என்னும் வழக்கம் பல ஊர்களில் இருந்துவருகிறது. நஞ்சுக்கொடி விழ 12 மணி நேரம் வரையிலும் ஆகக்கூடும். அதுவரை காத்திருந்தால் மீட்க முடியாத காலம் வீணாகிறது. உண்மையில், கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் உண்டாகும் சுரப்பு கருப்பையைச் சுருங்கச் செய்து, நஞ்சுக்கொடி விழுவதற்கும் உதவுகிறது. எனவே இவ்வழக்கம் தாய்க்கும் நன்மை செய்வதில்லை.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் முதற்சீம்பால் கன்றின் வயிற்றில் சேர வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், முதல் 12 மணி நேரத்திற்குள் பல தடவையாகக் கொடுத்தல் நலம். 20 கிலோ எடையுள்ள கன்றுக்கு இது 2 லிட்டராகும். வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சீம்பால் காய்ச்ச வேண்டுமாயின், கன்றின் பங்கு போக எஞ்சியதையே எடுக்க வேண்டும்.

சீம்பால் குடித்தும் மலம் வெளிப்படாவிடில், முதலில் வாலைத் தூக்கி ஆசனவாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில கன்றுகள் அத்துவாரம் இன்றியே பிறப்பதுண்டு. அவற்றுக்குக் கால்நடை மருத்துவர் செய்யும் அறுவை சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லை. துவாரம் இருந்தால், மென்மையான சோப்பைக் கரைத்த வெதுவெதுப்பான நீர் சுமார் 300 மில்லி லிட்டரை, எண்ணெய் தடவிய மெல்லிய ரப்பர்க் குழாய் வழியாக மெதுவாக உட்செலுத்தலாம். குச்சியையோ விரல் நகத்தையோ கொண்டு தோண்டுவது குடலைக் கிழித்துவிடும். கன்றின் தலையை மேலே தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றுவதும் ஆபத்தானது. அது நுரையீரலுக்குள் புகுந்தால், மலச்சிக்கலுக்குத் தப்பிய கன்று சளிச்சுரத்தால் மடியும். இவ்விதம் செய்தும் சில மணி நேரத்தில் குணம் காணாவிடில் தாமதியாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

தாய் இறந்துவிட்டாலோ, மடி வறண்டிருந்தாலோ, அன்று ஈன்ற வேறொரு பசுவின் சீம்பாலைத் தேடிக் கொடுப்பதே சிறந்தது. அதுவும் கிடையாவிடில், ஒரு கோழி முட்டையை 300 மில்லி லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அடித்துக் கலக்கி, 600 மில்லி லிட்டர் பாலும் அரைத் தேக்கரண்டி விளக்கெண்ணெயும் சேர்த்து, நாளைக்கு மூன்று வேளை கொடுக்கலாம். இது மலத்தை இளக்கி ஊட்டம் தருமேயன்றிச் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியைத் தராது. ஆகையால் அக்கன்றை மற்றக் கன்றுகளிலிருந்து பிரித்து, சுத்தமான உலர்ந்த இடத்தில் கட்டுதல் அவசியம்.

எருமைக் கன்றுகளுக்கு மற்றோர் இடையூறும் உண்டு. ஒருவகை உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே கன்றின் குடலை அடைகிறது. களிமண் நிறத்தில் துர்நாற்றமுள்ள சாணம், பெருத்த வயிறு, மாறி மாறி வரும் கழிச்சலும் மலச்சிக்கலும் இதன் குறிகள். குறிகள் தோன்றும் வரை காத்திராமல், பிறந்த 10 முதல் 14 நாட்களுக்குள் மருத்துவர் கூறும் அளவில் முதற் குடற்புழு மருந்தைக் கொடுத்துவிட வேண்டும்.

இன்று ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடிய இச்சிறு காரியத்தைப் பொறுத்தே, மூன்று ஆண்டுகளுக்குப் பின் கொட்டிலில் ஒரு கறவையோ உழவுக்காளையோ நிற்பதும் நில்லாததும் இருக்கிறது. நிலமுடையோர் தங்கள் தொழுவத்தில் இதனைக் கையாண்டு காட்டினால் அண்டையிலுள்ளோர் தாமே பின்பற்றுவர். கிராம அலுவலர்களும் ஊர்க் கூட்டங்களில் இதனை எடுத்துரைப்பது பேருபகாரமாகும்.