உங்களுக்குத் தெரியுமா? இருட்டில்தான் வலை நிறையும்!

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலவு, பூமி ஒரே வரிசையில் வருவதால் கடல் மிகுதியாக ஏறும், மிகுதியாக வற்றும். நீரோட்டம் இரண்டு நாளும் வேகம்தான். ஆனாலும் இரவில் வலை விரிப்பவர் பெரும்பாலும் விரும்புவது அமாவாசையை. நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும். கடல் ஏறும் நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கரைவலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

கடல்நீர் வெப்பத்தின் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலெழும். நுண்பாசி பெருகும், அதைத் தேடி மத்தி திரளும். நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே கவனித்து, மீன் கூடக்கூடிய இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம். டீசல் விற்கிற விலையில் இது பேருதவி.