தொலைச் சேவையகத்தில் தமிழ்க் கோப்புகள்: காரைக்கால் வட்டாரத் தரவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
கோப்புப் பரிமாற்றச் சேவையகத்தோடு இணைவது எளிது; அனுப்பிய கோப்பு அனுப்பியவாறே சேர்ந்துள்ளதா என்று உறுதிசெய்வதே கடினம். கோப்புறைகளுக்குத் தமிழில் பெயரிடும்போது இக்கடினம் மிகுகிறது. அதன் காரணத்தையும் அதைத் தவிர்க்கும் முறைகளையும் காரைக்கால் வட்டார ஊர்ப்பெயர்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கோப்புப் பரிமாற்றம், சேவையகம், ஒருங்குறி, காரைக்கால், களஆய்வுத் தரவு.

முன்னுரை
1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1இல் நடைமுறையளவிலும் 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. இவ்வரலாற்றின் விளைவாக அதன் சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. பிரெஞ்சிந்தியக் குடிமைப் பதிவேடுகளைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரக் காப்பகத்தில் தேட வேண்டியுள்ளது. கல்வெட்டும் வாய்மொழி வழக்காறும் ஊர்களிலேயே உள்ளன. ஆட்சித் தலைநகரான புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வடக்கே இருக்கிறது. களத்தில் திரட்டிய நிழற்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தொலைச் சேவையகத்தில் வைப்பது இங்கு வெறும் வசதியன்று. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரைகடந்தபோது, டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. ஒரே வன்தட்டை ஒரே வீட்டில் வைத்திருப்பது எத்தகைய ஆபத்து என்பதைக் கடலோர ஆய்வாளருக்கு விளக்க வேண்டியதில்லை.

இணைப்பு
கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான எஃப்டிபியின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவரான அபய் பூஷண். அப்போது அவர் அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தார். இன்றுவரை அடிப்படையாக விளங்கும் வடிவம் 1985இல் வெளியானது. கட்டளைக்கு ஓர் இணைப்பு, தரவுக்கு மற்றோர் இணைப்பு என்பது அதன் அமைப்பு. கடவுச்சொல்லை மறையாக்கமின்றி அனுப்புவது அதன் பெருங்குறை. குரோம், பயர்பாக்ஸ் உலாவிகள் 2021இல் இதற்கான ஆதரவை நீக்கிவிட்டன. எனவே ஆய்வுத் தரவுக்கு எஸ்எஸ்எச் வழி இயங்கும் எஸ்எஃப்டிபியே தகும். ஃபைல்ஜில்லா, வின்எஸ்சிபி ஆகிய செயலிகளில் சேவையக முகவரி, பயனர் பெயர், வாயில் எண் 22 ஆகியவற்றைத் தந்தால் இணைப்புக் கிட்டும். முதன்முறை இணையும்போது சேவையகத்தின் கைரேகைக் குறியீடு திரையில் தோன்றும். பலரும் படிக்காமலே ஒப்புதல் தருகின்றனர். சேவையக நிருவாகி தந்த குறியீட்டோடு அதை ஒப்பிட்ட பின்னரே ஏற்க வேண்டும்.

பளு பற்றியும் ஒரு கணக்கு தேவை. 24 மெகாபிக்சல் நிழற்படம் சுருக்கப்படாத டிஃப் வடிவில் ஏறத்தாழ 72 மெகாபைட். 300 ஏட்டுப் பக்கங்களுக்கு 21.6 ஜிகாபைட். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் தடையின்றி அனுப்பினாலும் ஐந்து மணிநேரத்தை நெருங்கும். ஐப்பசி மழையில் அத்தனை நேரம் இணைப்பு அறாது என எதிர்பார்ப்பது வீண். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள செயலியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பைட்டுகள் மாறும் இடம்
எஃப்டிபியில் ஆஸ்கி, பைனரி என இரு பரிமாற்ற முறைகள் உண்டு. ஆஸ்கி முறை வரியின் இறுதிக்குறியைக் கணினிக்கேற்ப மாற்றுகிறது. படக்கோப்பை இம்முறையில் அனுப்பினால் அது பழுதாகும். யூடிஎஃப்-8 தமிழ் உரைக்குத் தீங்கில்லை. அதில் தமிழெழுத்தின் எந்தப் பைட்டும் வரிக்குறியோடு மோதுவதில்லை. யூடிஎஃப்-16இல் சேமித்த உரையிலோ ஒரு பைட் கூடுதலாக நுழைந்தால் அடுத்துவரும் எழுத்துகள் இடம்பெயர்ந்து குலையும். எஃப்டிபியைத் தவிர்க்க இயலாவிடில் எப்போதும் பைனரி முறையே நன்று.

குலைவுக்கெல்லாம் பரிமாற்றமே காரணமன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தொடக்கக் காலத்தில் டிஸ்கி முதலிய குறியாக்கங்களிலும் பின்னர் ஒருங்குறியிலும் நூல்களை வழங்கியது. பழைய டிஸ்கி கோப்பு இன்றைய செயலியில் புரியாத குறிகளாகத் தோன்றினாலும், அது பழுதற்றதாகவே இருக்கக்கூடும்.

கோட்டுச்சேரி ஏன் இரண்டாகிறது?
காரைக்கால் நகராட்சி, கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்னும் கொம்யூன்கள். இந்த ஆறு பெயர்களில் ஓர் ஆய்வாளர் கோப்புறைகள் அமைப்பதாகக் கொள்வோம். ‘கோ’ என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு ஏகாரக் குறியும் காலும் தனித்தனியே. முதல் வகைக்கு 6 பைட், இரண்டாம் வகைக்கு 9 பைட். தரம் இரண்டையும் நிகராகவே ஏற்கிறது, கண்ணுக்கும் வேறுபாடில்லை. ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் சேவையகமோ பொதுவாகப் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுகிறது. ஆகவே விண்டோசிலிருந்தும் மேக்கிலிருந்தும் அனுப்பிய ‘கோட்டுச்சேரி’, ஒரே பெயருடன் இரு கோப்புறைகளாக நிற்கக்கூடும்.

ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளுக்கே இப்பிளவு நேர்வதால் மற்ற ஐந்து ஊர்களும் தப்பிவிடுகின்றன. ஐந்து சரியாக இருப்பதே ஆறாவதன் பிழையை மறைக்கிறது என்பதுதான் இதன் சூழ்ச்சி. பதிவுகளில் ஒரு பாதி ஒரு கோப்புறையிலும் மறுபாதி மற்றதிலும் தங்க, ஊர்வாரி எண்ணிக்கை பிழைபடும். ஆய்வேட்டின் அட்டவணையிலும் அப்பிழை ஏறும்.

நீளமும் கவனத்திற்குரியது. திருமலைராயன்பட்டினம் 12 எழுத்துகள் கொண்ட பெயர்; யூடிஎஃப்-8இல் 60 பைட். லினக்சின் எக்ஸ்ட்4 முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டே எல்லை. ஊர், கோயில், நாள், தகவலாளி என அடுக்கும் பெயர்கள் விரைவில் அதைத் தொட்டுவிடும்.

நூலகத்தில் சேர்க்கை எண் வேறு, நூலின் தலைப்பு வேறு. கோப்புக்கு ரோமன் எழுத்தும் எண்ணும் கொண்ட குறுங்குறியீட்டைப் பெயராக இட்டு, முழுத் தமிழ்ப்பெயரை யூடிஎஃப்-8 அட்டவணையில் எழுதுவது அதையொத்த ஏற்பாடு. தமிழிலேயே பெயரிட விரும்புவோர் அனுப்புமுன் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆர்சிங்க் செயலியில் இம்மாற்றத்திற்கு வழியுண்டு.

சரிபார்த்தலும் அழித்தலும்
அனுப்புமுன் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண்ணைக் கணித்துச் சேவையகத்தில் மீண்டும் கணித்து ஒப்பிட வேண்டும். அளவு ஒத்திருப்பது போதிய சான்றன்று. சேவையகத்தில் அழித்த கோப்பு பொதுவாகக் குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை, அக்கணமே மறைகிறது. இருபுறத்தையும் ஒன்றாக்கும் ஒத்திசைவில், ‘இங்கு இல்லாததை அங்கும் நீக்கு’ என்னும் தெரிவே மிகவும் அஞ்சத்தக்கது. பிரிந்த வடிவத்தில் ‘கோட்டுச்சேரி’ உள்ள கணினியிலிருந்து அதை இயக்கினால், சேர்ந்த வடிவக் கோப்புறை ‘இங்கு இல்லாதது’ எனக் கருதப்பட்டு உள்ளடக்கத்தோடு அழியலாம். எனவே எதையும் மாற்றாமல் பட்டியலை மட்டும் காட்டும் முன்னோட்டத்தை முதலில் இயக்கி, நீக்கப்படவிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்த பின்னரே ஒத்திசைவுக்கு ஆணையிட வேண்டும்.