பழைய ஸ்டேஷன் வேகனைப் புதுப்பிக்குமுன்

நம் நாட்டுச் சாலைகளில் ஸ்டேஷன் வேகன் எனப்படும் நீள்கூரைக் கார் எந்நாளும் சிறுபான்மையாகவே இருந்து வந்துள்ளது. அம்பாசடரின் எஸ்டேட் வடிவம், 1992இல் வெளிவந்த டாடா எஸ்டேட், மாருதியின் பலேனோ ஆல்டுரா, 2004இல் வந்த டாடா இண்டிகோ மரினா எனச் சிலவற்றையே எடுத்துக் கூற இயலும். பின்கதவை மேலே தூக்கி, குடும்பத்தின் பெட்டி படுக்கைகளை எல்லாம் ஏற்றிக்கொண்ட இவ்வண்டிகளுள் எஞ்சியவை இன்று பல வீடுகளின் கொட்டகைகளில் உறையிட்டு நிற்கின்றன. "தந்தையார் வைத்திருந்த வண்டி, விற்க மனம் வரவில்லை. வீட்டிலேயே சிறிது சிறிதாகச் சீர்செய்யலாமா? அதற்கு வங்கியில் கடன் கிடைக்குமா?" என்று கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு.

கேள்வி எளியது, விடையோ மூன்று பகுதிகளைக் கொண்டது. ஆவணம், பணம், வேலை என்பனவே அவை. இவற்றை இதே வரிசையில் அணுகுவோருக்குச் செலவு கட்டுக்குள் நிற்கும். வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பெயின்ட் அடித்துவிட்டுப் பின்னர் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுவோர், ஓட்டவும் இயலாத, விற்கவும் இயலாத அழகிய வண்டி ஒன்றுக்கு உரிமையாளர் ஆகிவிடக்கூடும். டாடா எஸ்டேட் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

ஆவணம்: ஸ்பேனரை எடுக்குமுன்

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இதற்கான விண்ணப்பம் படிவம் 25 ஆகும். பதிவுக்காலம் முடிவதற்கு 60 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025இல் அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. மாநிலங்கள் விதிக்கும் பசுமை வரியும், தாமதக் கட்டணமும் இதற்கு மேற்பட்டவை. தொண்ணூறுகளின் டாடா எஸ்டேட் கார்கள் அனைத்தும் இவ்வரம்பைத் தாண்டிவிட்டமையால், முதற்செலவாக இத்தொகையை எழுதிக்கொள்வது நன்று.

அடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் உள்ளது என்று பார்க்க வேண்டும். உரிமையாளர் காலமாகியிருப்பின் வாரிசின் பெயருக்கு மாற்றிய பின்னரே மற்றப் பணிகள் தொடங்கப்பட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பே கடன் அடைந்திருந்தும், ஆர்.சி.யில் வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாமல் கிடப்பது வழக்கமாகக் காணப்படும் குறை. கடன் கொடுத்த நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று பெற்று, படிவம் 35 உடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்தால் அப்பதிவு நீங்கும். தாமதிக்கத் தாமதிக்க, கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றுடன் இணைந்துவிடலாம். பழைய கணக்கேடுகளைத் தேடுவதும் கடினமாகும்.

டில்லித் தலைநகர் வட்டாரத்தில் இருப்போர் தனிக் கவனம் செலுத்த வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் அங்கு நீதிமன்ற ஆணைகளின் வழியே கட்டுப்பாடுகள் உள்ளன. டாடா எஸ்டேட் டீசல் வண்டி என்பதை மறத்தலாகாது. அவ்வாணைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், அன்றைய நிலையைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே ஒரு ரூபாயேனும் செலவிட வேண்டும்.

அழகுபடுத்துதலும் சட்டத்தின் எல்லையும்

தம் விருப்பத்துக்கேற்ப வண்டியை மாற்றியமைக்க விழைவோர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை அறிந்திருக்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த மூல விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு ஏற்படும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்பதே அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? இருக்கைக்குப் புதிய உறை தைத்தல், தரை விரிப்பு மாற்றுதல், ஒலிச்சாதனம் பொருத்துதல், உள்ளே வெப்பத்தடுப்புப் பஞ்சு ஒட்டுதல் ஆகியன வண்டியின் அடிப்படை அமைப்பைத் தொடாதவை. நிறத்தை மாற்றினால் அது ஆர்.சி.யிலும் மாற வேண்டும். என்ஜினை மாற்றுவதற்குப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் ஒப்புதல் தேவை. ஸ்டேஷன் வேகனுக்கே உரிய ஆசை ஒன்றுண்டு: பின்புறச் சரக்கு இடத்தில் பக்கவாட்டு இருக்கைகள் இரண்டைப் பொருத்திவிடுதல். இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் பதிவான விவரம் ஆதலால் இது கூடாது. விபத்து நேர்ந்து, கூடுதலாக அமர்ந்தவர் காயமுற்றால் இழப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலுக்குள்ளாகும். கண்ணாடிகளைப் பொறுத்தவரை, முன்னும் பின்னும் 70 விழுக்காடும், பக்கவாட்டில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்படும் வண்டிகளுக்கு 2021 முதல் பழம்பெரும் வாகனம் என்னும் தனிப்பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண் பலகையில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் போக்குவரத்துக்கு அவ்வண்டியைப் பயன்படுத்த இயலாது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த அம்பாசடர் எஸ்டேட் ஒன்றுக்கு இத்தகுதி உண்டு. முதலில் வந்த டாடா எஸ்டேட் கூட 2042க்கு முன் அதனை எட்டாது. இன்று மூல வடிவைக் குலைப்பவர் நாளைய அத்தகுதியையும் இழக்கிறார்.

பணம்: எதிலிருந்து, எவ்வளவு?

பழைய கார் வாங்கக் கடன் தரும் திட்டங்களில் வண்டியின் வயதுக்கு வரம்பு இருக்கும். முப்பது ஆண்டு வயதுடைய வண்டி பொதுவாக அவ்வரம்புக்குள் வாராது. மறுசீரமைப்புச் செலவுக்குக் கார்க் கடன் என்பது ஏறக்குறைய இல்லை என்றே கொள்ளலாம். எஞ்சுவது தனிநபர் கடன். 2 லட்ச ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுகளுக்குப் பெறுவதாகக் கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 6,643 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 39,000 ரூபாய். அவ்வட்டி, பல ஊர்களில் ஒரு நல்ல டிங்கரின் கூலிக்கு ஈடாகும்.

வீட்டுப் பட்டறையின் சிறப்பே அது அவசரமற்றது என்பதாகும். ஆகவே, சேமித்துச் செலவிடும் முறை இதற்கு நன்கு பொருந்தும். மாதம் 10,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் 18 மாதம் செலுத்தினால் அசல் மட்டும் 1,80,000 ரூபாய் சேரும். அக்காலத்தில் ஆவணங்களைச் சீர்செய்து, உதிரிபாகங்களைத் தேடிப் பட்டியலிடலாம். வகுத்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கும் நாளில் அதன் பயன் விளங்கும்.

ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும்: செலவிட்ட தொகை விற்பனை விலையில் முழுமையாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க இயலாது. சொந்தப் பயன்பாட்டுக் கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து ஆகாது. எனவே விற்று லாபம் வந்தால் மூலதன ஆதாய வரி இல்லை; நட்டம் வந்தால் அதைக் கழிக்கவும் வழியில்லை. இதனை முதலீடாகக் கருதாது, குடும்பம் விரும்பி ஏற்கும் செலவாகக் கருதுவதே முறை.

வேலை: கீழிருந்து மேலாக

டாடா எஸ்டேட், நிறுவனத்தின் பிக்கப் வண்டியின் அடித்தளத்தின் மீது அமைந்தது. தனிச் சேஸிஸின் மேல் உடற்பகுதி பூட்டப்பட்ட அமைப்பு அது. என்ஜின் 1,948 சி.சி. டீசல். கணினிக் கட்டுப்பாடு இல்லாத டீசல் பம்ப் ஆதலால், அனுபவமுள்ள பம்ப் மெக்கானிக் இன்றும் அதைச் சீர்செய்ய இயலும். பிக்கப் வண்டியுடன் பொதுவாக அமைந்த இயந்திர உறுப்புகளைத் தேடுவது ஓரளவு எளிது. பின்கதவு, பக்கக் கண்ணாடி, ரப்பர் பீடிங், விளக்குக் கூடு ஆகியனவே அரியவை. எனவே, அவற்றைக் கழற்றும்போது உடையாமல் காப்பது முக்கியம்.

முதலில் துருவை ஆராய வேண்டும். நீள்கூரை வண்டியில் மழைநீர் பின்கதவின் கீல் வழியாகவும், தேய்ந்த பீடிங் வழியாகவும் இறங்கித் தரையில் தேங்கும். தரை, சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, சேஸிஸின் பின்பகுதி ஆகிய இடங்களை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் உலோகம் மெலிந்துள்ளது. அரித்த பகுதியை நல்ல தகடு தென்படும் வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வெல்டிங் செய்து, துத்தநாகப் பிரைமர் பூச வேண்டும். ஓட்டையின் மேல் பட்டி பூசி மறைத்த துரு, ஓரிரு மழைக்காலங்களில் புதுப் பெயின்டைத் தூக்கிக்கொண்டு வெளிவரும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ பட்டியோ படலாகாது. அவ்வெண் படிக்க இயலாமற் போனால் பதிவுப் புதுப்பித்தலே நின்றுவிடும்.

இரண்டாவதாகப் பிரேக், ஸ்டீயரிங், டயர். பல ஆண்டு நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். ரப்பர் ஹோஸ்களும் சக்கர சிலிண்டர்களும் ஆராயப்பட வேண்டும். டயரின் பட்டை தேயாதிருப்பினும் பக்கச்சுவர் வெடித்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவதே என்ஜின். நெடுநாள் நின்ற என்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யாமல், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கையால் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். டீசல் டேங்கைக் கழற்றிக் கசடு நீக்கிய பின்னரே பம்பையும் நாசிலையும் சோதிக்கக் கொடுக்க வேண்டும். அடுத்து ஒயரிங், அதன்பின் பெயின்ட், இறுதியில் இருக்கையும் உள் அலங்காரமும்.

பின்கதவின் பீடிங்கைப் புதிதாக மாற்றுவதைச் சிறு வேலை எனத் தள்ளிப்போடலாகாது. ஸ்டேஷன் வேகனில் சரக்கு இடமும் பயணிகள் இடமும் ஒரே அறை. பின்கதவு சரியாக மூடாவிட்டால் சைலன்சர் புகை உள்ளே இழுக்கப்படும்; அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

பாதுகாப்பு பற்றிச் சில சொற்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லாதீர்கள். உறுதியான ஸ்டாண்டுகளை வைத்த பின்னரே செல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, டேங்கை அகற்றிவிடுங்கள். பழைய பிரேக் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஹார்டனர் கலந்த பி.யூ. பெயின்டின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. அதனை உரிய அறையுள்ள பட்டறையில் அடிக்கச் செய்வதே நலம்.

உதிரிபாகமும் காப்பீடும்

டில்லியின் மாயாபுரி, கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய பாகங்கள் கிடைக்கின்றன. எங்கு வாங்கினும் ரசீது கேட்டுப் பெறுங்கள். என்ஜின் எண் உள்ள பாகத்தை ரசீதின்றி வாங்குதல் ஆபத்து. திருட்டுப் பொருளாயின் பொறுப்பு உங்கள் மீதும் வரும்.

அந்த ரசீதுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. புதிய காரின் காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் குறிப்பிட்ட விழுக்காட்டில் குறைக்கப்படும். ஐந்து ஆண்டு கடந்த கார்களுக்கும், தயாரிப்பு நின்ற மாடல்களுக்கும் அவ்வட்டவணை பொருந்தாது. காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் இசைந்து முடிவு செய்யும் தொகையே மதிப்பாகும். எதையும் காட்டாதவருக்குப் பழைய இரும்பின் விலையை ஒட்டிய தொகையே முன்வைக்கப்படலாம். ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த நிழற்படங்கள், ரசீதுகள், மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்திருப்பவர் உயர்ந்த மதிப்பைக் கேட்டுப் பெற இயலும். பத்து ஆண்டு கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்கு, வழக்கமான பாலிசியில் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். சாலையில் இறங்கும் நாளில் மூன்றாம் நபர் காப்பீடும், மாசுச் சான்றும் கட்டாயம். கொட்டகையில் நிற்கும் காலத்துக்குத் தீ, திருட்டு ஆகியவற்றுக்கு மட்டுமான பாதுகாப்புக் கிடைக்குமா என்று காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டறியலாம்.

வண்டியைப் புதுப்பிக்க எண்ணுவோர் இந்த வாரம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, பெயர், பதிவு முடியும் நாள், கடன் பதிவு, சேஸிஸ் எண், நிறம், இருக்கை எண்ணிக்கை ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி, கொட்டகைக்குச் சென்று வண்டியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறும் பொருந்தினால் தொடர் வைப்பைத் தொடங்கலாம். பொருந்தாதது எதுவோ, அதுவே உங்கள் முதல் வேலை.