விம்பிள்டன் புல்தரையின் கோடுகள்

விம்பிள்டன் டென்னிஸ் ஆட்டம் பார்க்கும்போது கவனித்திருப்பீர்கள். புல்தரையில் ஒரு பட்டை வெளிர்பச்சை, அடுத்த பட்டை கரும்பச்சை என்று மாறி மாறித் தெரியும். இரண்டு வகைப் புல்லா? இல்லை. சாயம் பூசுகிறார்களா? அதுவும் இல்லை. எல்லாம் ஒரே புல்தான்.

புல்வெட்டும் இயந்திரத்தில் உள்ள உருளை, அது போகும் திசையிலேயே புல்லைச் சாய்த்துவிடுகிறது. நம்மை விட்டு விலகிச் சாய்ந்த புல், இலையின் அகலப் பக்கத்தைக் காட்டி வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும், வெளிர்பச்சையாகத் தெரியும். நம்மை நோக்கிச் சாய்ந்த புல், நுனியையும் நிழலையுமே காட்டும், கரும்பச்சையாகத் தெரியும். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால், நிறங்கள் இடம் மாறியிருக்கும்!

போட்டி நாட்களில் தினமும் வெட்டி, புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். முன்பு ரைகிராஸ் என்ற புல்வகை 70 சதவீதம், ஃபெஸ்க்யூ என்ற புல்வகை 30 சதவீதம் என்று கலந்து விதைத்தார்கள். 2001 முதல் முழுக்க முழுக்க ரைகிராஸ்தான். ஆட்டக்காரர்களின் கால்பட்டுத் தேய்வதை அது நன்றாகத் தாங்கும். அப்படியும் இரண்டாவது வாரத்தில் ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைன் ஓரம் மண் தெரியத்தான் செய்கிறது. போட்டி முடிந்ததும் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக விதை தூவி, அடுத்த ஆண்டுக்குத் தயாராகிவிடுவார்கள்.