மல்லிக் கோப்பியும் இரவு நித்திரையும்

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "சுவாமி, நித்திரை வருகுதில்லை" என்பதாகும். இழப்பும் கவலையும் இதற்குப் பெருங்காரணம்; மாதக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடமே செல்லவேண்டும். ஆயினும் பின்னேரத்தில் குடிக்கும் கோப்பியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து நித்திரையைக் கூட்டிவருகிறது. கோப்பியிலும் தேயிலையிலுமுள்ள கஃபீன், அது அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, மறைகிறது. குடித்ததில் ஏறக்குறையப் பாதி 5 மணித்தியாலத்தின் பின்னும் உடலில் நிற்கும்.

மல்லியும் வேர்க்கொம்பும் மட்டும் வறுத்து இடித்த மல்லிக் கோப்பியில் கஃபீன் இல்லை. அது புத்தியைக் கூர்மையாக்கும் மருந்துமன்று. அப்படிச் சொல்லி எவரும் விற்றால் நம்பவேண்டாம். ஆனால் இரவில் நன்றாக நித்திரை கொண்டவருக்கே பகலில் கவனம் நிலைக்கும், பிள்ளைகள்மீது எரிந்துவிழுவதும் குறையும்.

ஒரேநாளில் நிறுத்தக்கூடாது. கோப்பியை விட்டு 12 முதல் 24 மணித்தியாலத்துள் தலையிடி, எரிச்சல், சோர்வு தொடங்கி ஒரு வாரம்வரை நீடிக்கலாம். பழியோ மல்லிமீது விழும்! முதலில் பின்னேரக் கோப்பியை மாற்றுங்கள். காலைக் கோப்பியைப் பிறகு பார்க்கலாம்.

பற்றைக்காணிகளில் முளைக்கும் பேயாவரை விதையைச் சில நாடுகளில் வறுத்துக் கோப்பியாகக் குடிப்பதுண்டு. வட இந்தியாவில் அவ்விதையைத் தின்ற சிறுபிள்ளைகள் ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கின்றனர். பூவைக் கண்டு ஆவரசு என்று மயங்கிப் பறிக்கவேண்டாம்.